ஐந்து பேர் பட்டியல்

"ஏனுங்க, பிஷப்புங்கறவரு கலெக்டர் மாதிரிங்களா?" என்று கேட்டார் ராசிபுரத்து நண்பர். சேலம் நாலு ரோடு பக்கம் வேலை முடிந்து, குழந்தை இயேசு பேராலயத்தைத் தாண்டி வந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கேலிக்காகக் கேட்கவில்லை. அவர் பிள்ளைகள் படித்தது கன்னியர் நடத்தும் பள்ளியில். பங்குச் சாமியார், மதர், சிஸ்டர் எல்லாரையும் தெரியும். அதற்கு மேலே இருப்பவர் யார், அவரை வைப்பது யார் என்பதுதான் தெரியாது. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது.

கலெக்டர் என்றால் பாதி தூரம் சரியாக வரும். ஆயருக்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்குப் பெயர் மறைமாவட்டம். அதற்குள் பங்குகள், பங்குக்கு ஒரு பங்குத்தந்தை. சேலம் மறைமாவட்டம் என்றால் இன்றைக்கு சேலம் மாவட்டமும் நாமக்கல் மாவட்டமும். மேற்கே காவிரிதான் வேலி. பள்ளிபாளையத்தில் சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போகிற ஒருவர், பாலத்தைத் தாண்டி ஈரோட்டில் குடியிருந்தால் அவருடைய ஆயர் கோயம்புத்தூரில் இருக்கிறார். அதோடு போகவில்லை. சேலம், புதுவை-கடலூர் பேராயருடைய மறைமாநிலத்தில் வருகிறது. கோவை, சென்னை-மயிலைப் பேராயர் மறைமாநிலத்தில் வருகிறது. ஒரு பாலம்தான் நடுவில். பாலத்துக்கு இந்தப் பக்கம் புதுச்சேரியைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, அந்தப் பக்கம் சென்னையை. ஏன் அப்படி என்பதற்கு நூறு இருநூறு வருடம் பின்னால் போக வேண்டியிருக்கும். போவோம், இன்னும் டீயே வரவில்லை.

முதலில் பட்டியல். சேலத்துக்கு இதுவரை ஐந்தே ஐந்து ஆயர்கள். மறைமாவட்டம் உருவானது 1930 மே 26. அன்றைக்கே முதல் ஆயராக நியமனமானவர் ஹென்றி புருனியே, பாரிஸ் மறைபரப்பு சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர். இரண்டாவது வெண்மணி செல்வநாதர், 1949-ல் வந்தார், 1973-ல் புதுவை-கடலூர்ப் பேராயராகப் போனார். மூன்றாவது மைக்கேல் போலன் துரைசாமி, 1974 முதல் 1999 வரை, இறக்கும்வரை பதவியில் இருந்தவர். நான்காவது சிங்கராயன் செபஸ்தியானப்பன், 2000 முதல் 2020 வரை. ஐந்தாவது, இப்போது இருக்கும் அருள்செல்வம் ராயப்பன், 2021-ல் நியமனம். துரைசாமி ஆண்டகையின் இருபத்தைந்து வருடத்துக்குள் சேலத்துக்கு எத்தனை கலெக்டர்கள் வந்து போயிருப்பார்கள் என்று கணக்குப் பார்த்தால், அந்த ஒப்பீட்டின் மறுபாதி ஏன் பொருந்தாது என்பது புரியும்.

"சரிங்க, யாரு போடறாங்க?"

போப்பாண்டவர்தான் போடுகிறார். ஆனால் அவர் ரோமில் உட்கார்ந்து ஓமலூரையும் ஆத்தூரையும் எப்படித் தெரிந்துகொள்வார்? அதற்கு டெல்லியில் அவருடைய தூதர் இருக்கிறார். ஒரு மறைமாவட்டம் காலியானால், தூதர் விசாரணையைத் தொடங்குவார். அந்தப் பகுதியின் மற்ற ஆயர்கள், குருக்கள், சில பொதுநிலையினர் ஆகியோருக்குக் கேள்வித்தாள் போகும்: இன்னாருடைய ஒழுக்கம் எப்படி, படிப்பு எப்படி, உடல்நலம், பணக் கணக்கில் நேர்மை, ஊர் உறவு எப்படி என்றெல்லாம். கேள்வித்தாள் வந்தவர் அது வந்ததையே வெளியில் சொல்லக் கூடாது. கடைசியில் மூன்று பெயர் கொண்ட பட்டியல் ரோமுக்குப் போகும். இந்தியாவின் லத்தீன் முறை மறைமாவட்டங்களுக்கு அந்தப் பட்டியலைப் பார்ப்பது நற்செய்தி அறிவிப்புக்கான துறை. அதன் மூத்த வடிவம் 1622-ல் தொடங்கியது. இந்த வருடத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், திரும்ப வேண்டியிருக்கும். துறை பரிந்துரைக்கும், போப்பாண்டவர் தேர்ந்தெடுப்பார். மூன்றுமே பிடிக்காவிட்டால் நான்காவது ஆளைப் போடவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

அறிவிப்பு வந்ததும் பதவி வந்துவிடாது. புதிதாக ஆயர் ஆகிறவருக்குத் திருப்பொழிவு நடக்க வேண்டும். தலையில் கை வைத்து அருள்பொழிவு செய்ய மூன்று ஆயர்களாவது வேண்டும் என்பது வழக்கம். 325-ல் நைசியாவில் கூடிய சங்கமே இந்த மூன்று பேர் கணக்கைச் சொல்லியிருக்கிறது. ஒருவரே இன்னொருவருக்கு ரகசியமாகக் கை வைத்து ஆயராக்கிவிடக் கூடாது, சாட்சி வேண்டும் என்பதுதான் அதன் உள்நோக்கம். பிறகு நியமன ஆணையைக் குருக்கள் முன்னால் காட்டி, பேராலயத்தில் ஆயர் இருக்கையில் அமர வேண்டும். அந்த இருக்கை இருப்பதால்தான் அது பேராலயம். மற்றபடி வேளாங்கண்ணி, பூண்டி எல்லாம் எவ்வளவு பெரிய கூட்டம் வந்தாலும் அங்கே ஆயர் இருக்கை கிடையாது. வேளாங்கண்ணி தஞ்சாவூர் ஆயருக்கும் பூண்டி கும்பகோணம் ஆயருக்கும் கீழே உள்ள திருத்தலங்கள்.

75 வயதானால் ஆயர் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். ஏற்பதும் நிறுத்தி வைப்பதும் ரோமின் விருப்பம். ஆயர் இறந்தாலும் விலகினாலும் மாற்றலானாலும் பதவி காலியாகிறது. அப்போது ரோம் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், மறைமாவட்டத்தின் ஆலோசகக் குருக்கள் எட்டு நாளைக்குள் கூடி ஒரு நிர்வாகியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நிர்வாகிக்கு ஏறக்குறைய எல்லா அதிகாரமும் உண்டு, ஒன்றைத் தவிர: எதையும் புதிதாக மாற்றக் கூடாது. ஆயர் இல்லத்தின் ஆவணங்களை எடுப்பது, அழிப்பது, திருத்துவது சட்டத்திலேயே தடை. எந்தக் காலத்திலோ எங்கோ ஒரு நிர்வாகி இடைவெளியில் கைவரிசை காட்டியிருப்பார் போலிருக்கிறது. இல்லாவிட்டால் இவ்வளவு குறிப்பாக எழுதி வைக்க மாட்டார்கள். சேலம் பட்டியலில் இந்த இடைவெளிகள் தெரியும்: 1973-74, 1999-2000, 2020-21. அந்த மாதங்களில் சேலத்தை நடத்தியவர்களின் பெயர் பட்டியலில் இல்லை. இப்போதைய ஆயர் திருச்சபைச் சட்டம் படித்து, பெங்களூரில் அதையே சொல்லிக்கொடுத்தவர். காலியிடச் சட்டத்தை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

டீ வந்தது. நண்பர் ஒரு வாய் குடித்துவிட்டு, "அப்ப 1930-க்கு முன்னாடி இங்க வேதக்காரங்களே இல்லீங்களா? எங்க பக்கம் காக்காவேரி எல்லாம் தாத்தன் காலத்துக்கு முன்னாடியே வேதக்கார ஊருங்களே?" என்றார்.

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. ஐந்து பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் இங்கே கதை 1930-ல் தொடங்கியது போல இருக்கும். உண்மையில் அதற்கு முன்னால் முந்நூறு வருடம் இருக்கிறது. பட்டியல் என்பது நடந்ததன் வரலாறு அல்ல. எந்த அலுவலகம் எதை எழுதி வைத்தது என்பதன் வரலாறு. இது சேலத்துக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். அதற்கு அயர்லாந்து வரை போய் வரலாம்.

பழைய ரோமப் பேரரசில் ஒரு நகரம் என்றால் ஒரு ஆயர். நகரத்தின் எல்லைதான் அவருடைய எல்லை. அயர்லாந்து ஒருநாளும் ரோமப் பேரரசுக்குள் வரவில்லை. அங்கே நகரமே கிடையாது. மாடு மேய்ச்சலும் சிறு சிறு அரசர்களும்தான். ஒரு நூறுக்கு மேல் குறுநில அரசுகள் இருந்திருக்கும் என்பார்கள். 431-ல் போப் செலஸ்டின், பல்லேடியஸ் என்பவரை அங்கே இருந்த கிறிஸ்தவர்களுக்கு முதல் ஆயராக அனுப்பினார். அதே நூற்றாண்டில் பேட்ரிக். நகரம் இல்லாததால் ஆயர்கள் குறுநில அரசுகளோடு ஒட்டிக்கொண்டார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. ஏறக்குறைய 700-ஆம் ஆண்டில் எழுதிய ஐரிஷ் சட்ட நூல் ஒன்று, அரசர் பெரியவரா ஆயர் பெரியவரா என்று கேட்டு, ஆயரைப் பார்த்தால் அரசர்தான் எழுந்து நிற்கிறார், அதனால் ஆயரே பெரியவர் என்று முடிக்கிறது.

மரியாதை ஆயரிடம் இருந்தது. நிலம் வேறிடத்தில் இருந்தது. நிலம், மாடு, வேலையாள், வருமானம் எல்லாம் துறவி மடங்களிடம் சேர்ந்தது. மடத்தை நிறுவிய புனிதரின் வாரிசு என்ற பட்டத்தோடு மடத் தலைவர் உட்கார்ந்திருந்தார். 563-ல் கொலும்பா நிறுவிய அயோனா மடத்தில் தலைவர் வெறும் குருதான், ஆயர்களும் அவருக்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள், இது விசித்திரமான வழக்கம் என்று 731-ல் தன் வரலாற்று நூலை முடித்த ஆங்கிலத் துறவி பீட் வியந்து எழுதியிருக்கிறார். நாளாக ஆக, மடத் தலைமை குடும்பச் சொத்தானது. ஆர்மாவில் ஒரே குடும்பம், கல்யாணம் செய்துகொண்ட, குருப்பட்டம் இல்லாத ஆட்கள், தலைமுறை தலைமுறையாக பேட்ரிக்கின் வாரிசு என்று சொல்லிக்கொண்டு இருந்தார்கள். திருப்பலி, திருப்பொழிவு வேலைக்குப் பக்கத்தில் ஒரு ஆயரை வைத்துக்கொண்டார்கள்.

இப்போது அங்கே ஒரு சிறு மறைமாவட்டத்துக்கு ஆயர் பட்டியல் தயார் செய்ய உட்காருங்கள். கையில் என்ன இருக்கும்? துறவிகள் எழுதிய ஆண்டுக் குறிப்புகள். ஒரு வருடம், பெயர், இன்ன இடத்து ஆயர், இறந்தார். அவ்வளவுதான். எப்போது பதவிக்கு வந்தார், எதுவரை அவர் எல்லை, ஒன்றும் இருக்காது. இறந்ததால் மட்டுமே பட்டியலுக்கு வந்தவர்கள். அடுத்த பெயர் நாற்பது வருடம் தள்ளி இருக்கும். நடுவில் யாரும் இல்லையா, இருந்தவர் சாவை எழுத மறந்தார்களா என்று சொல்ல முடியாது. ஒருவர் "ஆயரும் மடத் தலைவரும்" என்பார்கள், இன்னொருவர் "ஆயரும் தனித் தவசியும்". பின்னால் வந்த அறிஞர்கள் இந்தத் துண்டுகளையெல்லாம் கோர்த்து, முதலாமவர், இரண்டாமவர் என்று எண் போட்டார்கள். எண் போட்டதும் அது சங்கிலி போலத் தெரிய ஆரம்பித்தது.

எல்லைக் கோடு எப்போது வந்தது என்றால், 1111-ல் ராத் பிரஸ்ஸில் என்ற இடத்திலும் 1152-ல் கெல்ஸிலும் கூடிய சங்கங்களில். பேட்ரிக் காலத்திலிருந்து எண்ணினால் அறுநூறு வருடத்துக்கு மேல். ஆயர் முதலில், மறைமாவட்டம் கடைசியில். இதில் கில்ஃபெனோரா என்று ஒரு குட்டி மறைமாவட்டம், கிளேர் மாவட்டத்துப் பாறைப் பூமியில். 1111-ல் அதற்கு இடம் கிடைக்கவில்லை, 1152-ல்தான் ஏற்றுக்கொண்டார்கள். மிகச் சிறியது என்பதால் தனியாக ஓட்ட முடியாமல், 1883-ல் அதன் பொறுப்பு கால்வே ஆயரிடம், போப்பாண்டவரின் நிர்வாகி என்ற பட்டத்தில் போனது. அப்படியானால் கில்ஃபெனோராவின் ஆயர் யார்? போப்பாண்டவரேதான் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

"நம்ம பக்கம் அந்தக் காலத்துல இப்படி ஏதாச்சும் இருந்துதுங்களா?" என்றார் நண்பர்.

கிறிஸ்தவத்தில் இல்லை, சமணத்தில் இருந்தது. தகடூர், இன்றைய தருமபுரி. சக ஆண்டு 815, அதாவது 893-ல், நுளம்ப அரசன் மகேந்திரன் காலத்துக் கன்னடக் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்தது. நிதியண்ணன், சந்தியண்ணன் என்ற வணிகச் சகோதரர்கள் தகடூரில் ஒரு சமணப் பள்ளி கட்டுகிறார்கள். அரசனிடமிருந்து மூலப்பள்ளி என்ற ஊரைப் பெற்று, பள்ளியின் பூசைக்கும் பழுது பார்க்கவும் ஒரு துறவியிடம் ஒப்படைக்கிறார்கள். துறவியின் பெயர் கனகசேன சித்தாந்த பட்டாரர். அவர் யார் என்று கல்வெட்டு சொல்லும் விதத்தைப் பாருங்கள்: விநயசேன சித்தாந்த பட்டாரரின் மாணவர், மூல சங்கம், சேன அன்வயம், பொகரிய கணம் என்ற துறவிப் பரம்பரை. இவர் எந்த ஊர் எல்லைக்குப் பொறுப்பு என்பது அதில் இல்லை. யாருடைய மாணவர் என்பதுதான் அவருடைய முகவரி. நிலம் கொடுத்ததால் மட்டும் இரண்டு பெயர் கல்லில் ஏறியது. கொடுக்காத வருடங்களில் இருந்த ஆசிரியர்கள் போனவர்கள் போனவர்கள்தான். அதே 893-ல் ஆர்மாவில் மெய்ல் பிரிக்தே என்பவர் பேட்ரிக்கின் வாரிசாகவும் கொலும்பாவின் வாரிசாகவும் இரண்டு பட்டத்தோடு இருந்தார். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை. ஆனாலும் இரண்டு பேரையும் அடையாளம் காட்டுவது "இன்னாருக்குப் பின் இன்னார்" என்கிற வரிசை. "இங்கிருந்து இதுவரை" என்கிற எல்லை இல்லை.

இனி நம் முந்நூறு வருடம். 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி. பூணூல், குடுமி, காவி, மரக்கறி என்று இருந்ததால் அவர்மீது சொந்த ஆட்களே வழக்குத் தொடுத்தார்கள். பல வருடம் இழுத்தடித்து, 1623 ஜனவரி 31-ல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூலையும் குடுமியையும் அனுமதித்து ஆணை போட்டார். அதே 1623-ல் நொபிலி மதுரையை விட்டு வடக்கே நடந்து சேந்தமங்கலம் வந்தார். அங்கே ராமச்சந்திர நாயக்கர். அங்கிருந்து சேலம், செல்லப்பதி நாயக்கர் ஆட்சி. சேலத்தில் முதலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சத்திரத்தில் தங்கி நோயில் விழுந்தார். பிறகு சந்தித்தவர் திருமங்கள நாயக்கர். சேந்தமங்கலத்து ராமச்சந்திர நாயக்கரின் சகோதரர், அரசுரிமையை இழந்து சேலத்தில் அண்டியிருந்தவர். சில வருடங்களில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். இதெல்லாம் தெரிவது பாதிரிமார் தலைமைக்கு எழுதிய கடிதங்களால். அந்தக் கடிதங்களில் பலவற்றை ஜோசப் பெர்த்ராண்ட் என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு 1847-க்கும் 1854-க்கும் இடையில் பாரிஸில் அச்சிட்டார். ஊர்ப்பெயர் மோரமங்கலம், சேந்தமங்கலம் என்று அதில் வரும்போது, நம் பேருந்துப் பலகையைப் பாரிஸில் படிக்கிற மாதிரி ஒரு திடுக்கிடல்.

அப்போது சேலத்துக் கிறிஸ்தவர்களுக்கு ஆயர் யார்? காகிதத்தில் பார்த்தால், கொடுங்கல்லூர்ப் பேராயர். மதுரை மிஷன் முழுக்க அவருக்குக் கீழே. 1623-ல் அந்தப் பதவியில் இருந்தவர் பிரான்சிஸ்கோ ரோஸ், நொபிலிக்காக வாதாடியவர். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, கேரளக் கடற்கரையில் இருந்துகொண்டு சேலத்துக்கு ஆயர்! கீழ்த்திசை நாடுகளில் ஆயர் நியமனத்தைப் போர்ச்சுகல் அரசரிடம் போப்பாண்டவர்கள் ஒப்படைத்திருந்ததால் வந்த ஏற்பாடு இது. அரசருக்கு எத்தனை மறைமாவட்டம் வைக்க வசதியோ அத்தனைதான். ரோமுக்கு இது பிடிக்கவில்லை. போர்ச்சுகல் கையை மீறி நேரடியாக மிஷன்களை நடத்த ஒரு துறையைத் தொடங்கியது. அந்த வருடம்தான் 1622. சேலத்து ஆயரை இன்றைக்கும் பரிந்துரைக்கிற துறைக்கு வேர் அங்கே.

ஆயர் கொடுங்கல்லூரில், குரு வருடத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. 1640-ல் பால்தசார் த கோஸ்தா பண்டாரசாமி வேடம் பூண்டு, நொபிலியால் நெருங்க முடியாத சாதிகளிடமும் போக ஆரம்பித்தார். அப்போதும் ஆள் போதாது. ஊருக்குள் ஜெபம் சொல்லிக்கொடுத்து, சாகக் கிடக்கிறவருக்கு ஞானஸ்நானம் கொடுத்து, கல்யாணத் தகராறைத் தீர்த்து, சாமியார் வரும்வரை கூட்டத்தைச் சிதறாமல் வைத்திருந்தவர் உபதேசியார். என்னைக் கேட்டால் சேலம் திருச்சபையின் உண்மையான வரிசை அவர்களுடையதுதான். எந்த ஆயர் இல்லத்துச் சுவரிலும் அவர்கள் படம் மாட்டப் போவதில்லை. அவர்களில் பெரும்பாலோர் படமே எடுத்துக்கொண்டதில்லை.

1773-ல் போப்பாண்டவர் இயேசு சபையையே கலைத்தார். 1776-ல் புதுச்சேரியை மையமாக வைத்து பாரிஸ் மறைபரப்பு சபை பொறுப்பேற்றது. பொறுப்பேற்றவர் பியேர் பிரிகோ. அவர் ஆயர்தான், ஆனால் புதுச்சேரியின் ஆயர் இல்லை, தப்ராக்காவின் ஆயர். தப்ராக்கா வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனீசியக் கரையில், கிறிஸ்தவர் இல்லாமல் போய் நூற்றாண்டுகள் ஆன பழைய மறைமாவட்டம். இந்தியாவில் புதிதாக மறைமாவட்டம் தொடங்கினால் போர்ச்சுகல் சண்டைக்கு வரும். அதனால் அழிந்துபோன ஊர் ஒன்றின் பட்டத்தைக் கொடுத்து, போப்பாண்டவரின் பதிலாள் என்று இங்கே அனுப்பிவிடுவார்கள். பட்டம் ஒரு ஊர், வேலை வேறு ஊர். 1836-ல் புதுவையின் பதிலாளாகப் பொறுப்பேற்ற கிளமென்ட் பொன்னான் துருசிபாராவின் ஆயர். அது பால்கன் பக்கத்துப் பழைய ஊர். உள்ளூர்க் குருக்களைப் படிக்கவைத்து வளர்க்க வேண்டும் என்று 1844-ல் புதுவையில் சங்கம் கூட்டியவர் இவர்தான். இந்தியா முழுக்க உள்ள மிஷன்களைப் பார்வையிட ரோம் அனுப்பிய பயணத்தில், 1861-ல் காசியில் இறந்தார்.

சேலம் 1792-லேயே திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்துவிட்டது. அப்படியானால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி, ஆங்கிலேயக் கலெக்டர் ஆண்ட சேலத்தில் சாமியார்கள் பிரெஞ்சுக்காரர்கள்; அவர்கள் தலைவர் இருந்தது பிரெஞ்சு மண்ணில். 1850-ல் கோவையும் மைசூரும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்தபோது சேலம் புதுவையோடு நின்றுவிட்டது. ஈரோட்டுப் பாலத்தின் விஷயம் அங்கே தொடங்கியதுதான். 1876-78 தாது வருஷப் பஞ்சம் சேலத்தைச் சூறையாடியது. அந்த வருடங்களில் புதுவை மிஷனில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஏராளம். கஞ்சித் தொட்டிக்கும் ஞானஸ்நானத்துக்கும் என்ன உறவு என்று அன்றைக்கே பேச்சு இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஒரு டீயில் தீர்க்கிற விஷயம் இல்லை அது.

1886-ல் போப் பதின்மூன்றாம் லியோ இந்தியாவுக்கு முறையான மறைமாவட்ட அமைப்பைக் கொடுத்தார். அதுவரை பதிலாளாக இருந்த பிரான்சுவா லவுனான் அப்போதுதான் புதுவைப் பேராயர் ஆனார்; அழிந்த ஊர்ப் பட்டம் ஒழிந்தது. 1899-ல் கும்பகோணம் பிரிந்தது. கடைசியில் 1930-ல் புதுவையிலிருந்து பெரும்பகுதி, கும்பகோணத்திலிருந்து ஒரு துண்டு, மைசூரிலிருந்து ஒரு துண்டு சேர்த்து சேலம். மூன்று இடத்திலிருந்து வெட்டி ஒட்டியது என்பதால், ஒரே மறைமாவட்டத்துக்குள் மூன்று விதப் பழக்கம் வந்து சேர்ந்தது.

"அப்பவும் வெள்ளைக்காரரைத்தானுங்களே போட்டாங்க?"

ஆமாம். அதில் ஒரு கணக்கு இருந்தது. உள்ளூர்க் குருக்களிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று 1919-லும் 1926-லும் போப்பாண்டவர்கள் சுற்றுமடல் எழுதினார்கள். 1923-ல் தூத்துக்குடிக்கு திபுர்சியுஸ் ரோச் ஆண்டகை, நவீன காலத்தில் லத்தீன் முறையில் முதல் இந்திய ஆயராக வந்தார். அடுத்து கும்பகோணம் இந்தியக் குருக்களிடம் போனது. அதே சமயத்தில் புதிதாக வெட்டிய சேலத்தை பாரிஸ் சபை தன்னிடம் வைத்துக்கொண்டது. பழைய, பழகிய இடத்தைக் கொடுத்துவிட்டு, கிறிஸ்தவர் குறைவாகவும் ஊர்கள் தள்ளித் தள்ளியும் இருந்த வறண்ட இடத்தைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று நல்லவிதமாகவும் சொல்லலாம். கையில் ஒன்றை வைத்துக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். சேலத்துக்குத் தமிழ் ஆயர் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு, 1949-ல். செல்வநாதர் ஆண்டகை காலத்தில்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடியது. லத்தீனில் இருந்த பூசை தமிழுக்கு மாறியது. ஐந்து பேரில் யாருடைய காலம் கிராமத்துக் கோயிலில் கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிற மாற்றம் கொண்டுவந்தது என்று கேட்டால் இவருடையது என்பேன். அந்த மாற்றத்துக்கு ஆணை வந்தது ரோமிலிருந்துதான். பாட்டியம்மாக்களுக்கு விளங்க வைக்கிற பாடு இங்கே உள்ளவர்களுக்கு.

நண்பர் டம்ளரை வைத்துவிட்டு, "நாமக்கல்லு தனி ஜில்லா ஆயிடுச்சே, அதுக்குத் தனி பிஷப் வரலீங்களா?" என்றார்.

வரவில்லை. அதுதான் இதில் வேடிக்கை. சேலத்திலிருந்து நாமக்கல் மாவட்டம் தனியாக இயங்க ஆரம்பித்தது 1997 ஜனவரி 1. அதே மாதம் 24-ஆம் தேதி சேலம் மறைமாவட்டத்தையும் ரோம் இரண்டாகப் பிரித்தது. ஆனால் பிரித்தது நாமக்கல்லை இல்லை, தருமபுரியை. தருமபுரி அரசாங்கக் கணக்கில் 1965 அக்டோபர் 2-லேயே தனி மாவட்டம் ஆகிவிட்டது. திருச்சபை முப்பத்தொரு வருடம் கழித்துத்தான் அதைத் தொடர்ந்தது. முதல் ஆயர் ஜோசப் அந்தோணி இருதயராஜ், சலேசிய சபைக்காரர். 2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரியும் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. மறைமாவட்டக் கணக்கில் இன்னும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒன்று, சேலமும் நாமக்கல்லும் ஒன்று. உங்கள் ராசிபுரம், காக்காவேரி எல்லாம் ஜில்லா ஆபீசுக்கு நாமக்கல், ஆயருக்கு சேலம்.